கேட்டறிந்து முடிவு செய்வோம்

விளையாட்டு விழாப் படங்களுக்கும் நாடகப் போட்டி முடிவுகளுக்கும் நடுவே புற்றுநோயைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று வாசகர்களில் சிலர் எண்ணக்கூடும். பள்ளி மலர் மாணவியின் கையோடு நின்றுவிடுவதில்லை என்பது எமது அனுபவம். வீட்டுக்குப் போனதும் அம்மா புரட்டுகிறார். அத்தை வாங்கிப் பார்க்கிறார். கண் மங்கிய அப்பத்தாவுக்குப் பேத்தி படித்துக் காட்டுகிறாள். மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய தாளைப் படிக்கக் கூசும் தாய்மார்கூட மகளின் பள்ளி மலரைக் கூச்சமின்றிப் படிப்பார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறோம்.

மார்பகம் என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம். நம் திருச்சபை இந்தச் சொல்லுக்குக் கூசவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கத்தானியா நகரில் விசுவாசத்துக்காகச் சித்திரவதைப்பட்ட புனித ஆகத்தாவை, மார்பக நோயுற்றோரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றி வருகிறது. பிப்ரவரி 5ஆம் நாள் அவரது திருவிழா. திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் அவர் பெயர் இடம் பெறுகிறது. பீடத்தில் பெயர் சொல்லி நினைவுகூரப்படும் புனிதையின் துன்பத்தை வீட்டில் பேச மட்டும் நாம் ஏன் தயங்க வேண்டும்?

நம் புதுக்கோட்டைக்கும் இந்த நோய்க்கு எதிரான போராட்டத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் இவ்வூரில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்து வந்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளுக்கிடையே மன்னரின் இசைவு பெற்றுச் சேர்ந்தவர். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். அவருடைய தங்கைக்கு நோய் கண்டபோது, சீதபேதி என்று கருதியே மருத்துவம் செய்யப்பட்டது. அது குடற்புற்று என்று பிறகுதான் தெரிய வந்தது. 1923இல் தங்கை இறந்தார். டாக்டரின் வீட்டிலேயே நோய் இன்னதென்று அறியாமல் நாட்கள் கழிந்தன என்றால், மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துயரமே அவரைப் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை காணத் தூண்டியது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தம் எண்ணத்தை வெளியிட்டார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்கே சேர்ந்து 2021இல் மறையும் வரை அந்நிலையத்துக்கே வாழ்வை ஒப்படைத்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தார்கள்.

மார்பகப் புற்றுநோய் இன்று இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, நம் நாட்டில் அவ்வொரு ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் இறந்தனர். மேலைநாட்டுப் பெண்களைக் காட்டிலும் நம் பெண்களுக்குச் சற்று இளம் வயதிலேயே வருகிறது. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மார்பகம் முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கும் அறுவைச் சிகிச்சையும் அப்போது பலருக்குப் போதுமானதாகிறது. நம் பக்கத்தில் தொடக்கத்தில் வருவோர்தாம் குறைவு.

இங்கே இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் விளையும் தீமை பெரிது.

முதல் நிலைமை, உடம்பில் மாற்றம் தெரிந்த பெண்ணுடையது. மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுகிறது; தோலில் குழி விழுகிறது, அல்லது ஆரஞ்சுப் பழத்தோல் போலச் சொரசொரப்பாகிறது; காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்கிறது; காம்பிலிருந்து இரத்தம் கசிகிறது; காம்பைச் சுற்றி ஆறாத புண் இருக்கிறது. இவற்றுள் எது தெரிந்தாலும் யோசனைக்கே இடமில்லை. அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். “வலிக்கவில்லையே, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்பதே நம் தாய்மார்களிடம் அடிக்கடி கேட்கும் பதில். தொடக்க நிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே வலியின்மையை நல்ல சேதியாகக் கொள்ளக் கூடாது. நடவு முடியட்டும், திருவிழா கழியட்டும், மகளுக்குச் சம்பந்தம் பேசி முடியட்டும் என்று தள்ளிப் போடுவதும் உண்டு. கட்டி இவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. அதே வேளையில் ஓர் ஆறுதலையும் சொல்ல வேண்டும்: மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. இளம்பெண்களுக்கு வருவன பெரும்பாலும் தீங்கற்ற நார்க்கட்டிகளே. எது எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது நிலைமை, எந்தக் குறையும் இல்லாத பெண்ணுடையது. அவர் நலமாக இருக்கிறார். ஊரில் முகாம் நடக்கிறது, அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு பார்க்கப் போன இடத்தில், “மார்பகச் சோதனையும் செய்துகொள்கிறீர்களா அம்மா?” என்று செவிலியர் கேட்கிறார். அறிகுறி ஒன்றும் தோன்றாதபோதே நோயைத் தேடிப் பார்க்கும் இதனை முன்சோதனை என்று சொல்வோம். இதைச் செய்துகொள்வதா, எந்த வயதில், எந்த முறையில் என்பதில்தான் பெண்ணுக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது. முடிவெடுக்க வேண்டுமானால் நன்மை, தீமை இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் முகாம்கள் சிலவற்றில் ரேஷன் கடை வரிசைபோல் நிறுத்தி, ஒரு சொல் விளக்கமின்றிச் சோதித்து அனுப்பிவிடுகிறார்கள். ‘இலவசம்’ என்பதே போதுமான விளக்கம் என்ற எண்ணம் போலும்!

முன்சோதனையில் தீமை ஏது என்று கேட்கலாம். அதைத்தான் விளக்கப் புகுகிறோம்.

மாமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே அமைந்த எக்ஸ்ரே. இரு தட்டுகளுக்கிடையே மார்பை அழுத்திப் படம் எடுக்கிறார்கள். சில விநாடிகள் வலிக்கும். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியையும் அது காட்டவல்லது. ஆனால் இளம்பெண்களின் மார்பகம் அடர்த்தியானது. படத்தில் வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளையாகவே விழும். பனிமூட்டத்தில் வெள்ளைப் பசுவைத் தேடுவதுபோல ஆகிவிடுகிறது. ஆகவே இளம்பெண்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள்.

படத்தில் ஐயம் தோன்றினால் திரும்ப அழைப்பார்கள். மறுபடியும் படம், பிறகு ஊசிச் சோதனை, முடிவு வரும்வரை தூக்கமில்லாத இரவுகள். கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிய வரும். இப்படி அழைக்கப்படுவோரில் மிகப் பலருக்குப் புற்று இருப்பதில்லை. விராலிமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூலியை விட்டுவிட்டு நான்கு முறை நகரத்துக்கு அலையும் பெண்ணுக்கு அது சிறிய செலவன்று. மற்றொரு பக்கம், படத்தில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் சிலருக்கு அடுத்த சோதனைக்குள் கட்டி தோன்றுவதுண்டு. சோதனை செய்துகொண்டோம் என்ற தைரியத்தில் அக்கட்டியை அலட்சியம் செய்யக் கூடாது.

இதைவிடப் புரிந்துகொள்ளக் கடினமான தீமை இன்னொன்று. வயலில் முளைக்கும் களைகளை எண்ணிப் பாருங்கள். சில, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவிப் பயிரை மூடிவிடும். சில, காலத்தில் பிடுங்கினால் ஒழிந்து போகும். வேறு சில, அறுவடை வரையில் தரையோடு தரையாகக் கிடந்து பயிருக்கு ஒரு கேடும் செய்யாமல் போய்விடும். முளையில் பார்த்து இது எந்தக் களை என்று சொல்ல முடியாததால் எல்லாவற்றையும் பிடுங்குகிறோம். மார்பகத்தில் தோன்றும் மிகச் சிறிய புற்றுகளும் இப்படியே. சில, அந்தப் பெண்ணின் ஆயுள் முழுவதும் தொல்லை தராமலே இருந்துவிடும். முன்சோதனையில் அவையும் அகப்படுகின்றன. எது வளரும், எது வளராது என்று உறுதியாகச் சொல்ல இன்றைய மருத்துவத்தால் இயலாது. எனவே எல்லாருக்கும் அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் நடக்கின்றன. தேவைப்படாத சிகிச்சையைத் தாங்கிய பெண்ணுக்கு, அது தேவைப்படாதது என்று ஒருநாளும் தெரியப் போவதில்லை. என் உயிரைக் காத்தது அந்தச் சோதனைதான் என்றே அவர் நம்புவார்.

கணக்கு எப்படி என்று பார்ப்போம். பிரிட்டனில் இக்கேள்வி பெரிதாக எழுந்தபோது, தனியாக ஒரு வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டார்கள். 50 வயதிலிருந்து 20 ஆண்டுகள் 10,000 பெண்களை மாமோகிராமுக்கு அழைத்து வந்தால், 43 பேரின் மார்பகப் புற்றுநோய் மரணம் தவிர்க்கப்படுகிறது. 129 பேருக்குத் தொல்லை தந்திராத புற்று கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை நடக்கிறது என்பது அவர்கள் மதிப்பீடு. ஓர் உயிர் காக்கப்படும்போது மூவர் தேவையற்ற சிகிச்சைக்கு உள்ளாகின்றனர். ஓர் உயிருக்காக அதனை ஏற்கலாம் என்று ஒரு தாய் சொல்லலாம்; வேண்டாம் என்று இன்னொரு தாய் சொல்லலாம். இருவரையும் அறியாதவர் என்று ஏச நமக்கு உரிமையில்லை. இந்த எண்களைக் காட்டாமலே கையைப் பிடித்து இழுத்துச் செல்வதுதான் தவறு. இக்கணக்கு பிரிட்டன் பெண்களுக்கானது. இந்நோய் அங்கே நம் நாட்டைவிட மிகுதி என்பதையும் மறக்க வேண்டாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட குறிப்பு, வசதி குறைந்த நாடுகளில் 40 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை எல்லாம் மாமோகிராமுக்கு அழைக்கும் திட்டத்தைப் பரிந்துரைக்கவில்லை. 50 முதல் 69 வயது வரையுள்ளோருக்கும், படம் எடுத்தல் முதல் சிகிச்சை வரை எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கும் இடத்திலேயே அது தகும் என்றது. நன்மை தீமைகளை எடுத்துச் சொல்லி, பெண்ணோடு கலந்து முடிவெடுக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

அப்படியானால் நமக்கு வழி என்ன? பம்பாயில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, எளிய மக்கள் வாழும் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களைச் சேர்த்து இருபது ஆண்டுகள் கவனித்தது. பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாக நான்கு முறை கையால் தொட்டுச் சோதிக்கும் மார்பகப் பரிசோதனை நடந்தது. சோதித்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு வரை படித்து, இதற்கெனப் பயிற்சி பெற்ற பெண்கள்! நம் பத்தாம் வகுப்பு மாணவியர் இதனை இருமுறை படிக்கலாம். 2021இல் முடிவு வெளியாயிற்று. சோதனை செய்யப்படாத பகுதியில் நோய் கண்டவர்களில் 100க்கு 47 பேர் முற்றிய நிலையில் வந்தனர். சோதனை நடந்த பகுதியில் 37 பேரே அப்படி வந்தனர். 50 வயதைக் கடந்தவர்களில் இந்நோயால் இறப்பது ஏறத்தாழ 100க்கு 30 பங்கு குறைந்தது. 50க்குக் கீழே இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. எக்ஸ்ரே இயந்திரமும் மின்சாரமும் வேண்டாத ஒரு சோதனைக்கு இது சிறந்த பலன் என்றே நாம் கருதுகிறோம்.

நம் மைய அரசு 2016இல் வகுத்த நெறியும் இதே வழியில் செல்கிறது. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் பரிசோதனை என்பது அதன் சாரம். மாற்றம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே படமும் ஊசிச் சோதனையும். நம் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைப்பது இதுவே. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருப்பதால், மேற்சோதனை என்றதும் சென்னைக்கு ரயிலேற வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

தம்மைத் தாமே சோதித்துக்கொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். மாதந்தோறும் குறித்த நாளில், குறித்த முறையில் செய்ய வேண்டும் என்று ஒரு காலத்தில் வற்புறுத்தி வந்தார்கள். சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,064 நெசவாலைப் பெண்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடையே இறப்பு குறையவில்லை; தீங்கற்ற கட்டிகளுக்கான அறுவைதான் கூடியது என்று 2002இல் வெளியான முடிவு காட்டியது. ஆகவே மாதச் சடங்காகச் செய்து கலங்க வேண்டியதில்லை. குளிக்கும்போதும் உடுத்தும்போதும் தன் உடம்பின் இயல்பை அறிந்து வைத்திருந்தால், மாறுதல் வந்ததும் தெரிந்துவிடும்.

தாய்க்கோ, உடன்பிறந்தவளுக்கோ, மகளுக்கோ இளம் வயதில் இந்நோய் வந்திருந்தால் மேற்சொன்ன கணக்குகள் பொருந்தா. சில குடும்பங்களில் பரம்பரையாகவே இது தொடர்கிறது. அவர்கள் முகாமுக்குக் காத்திராமல் புற்றுநோய் மருத்துவரிடம் நேரே கலந்து பேச வேண்டும். ஊசி குத்தினால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும் என்று திண்ணைகளில் ஒரு பேச்சு உண்டு. ஆதாரமற்ற இப்பேச்சுக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பலர்.

முடிவு யாருடையது என்பதற்கு வருவோம். “வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று சொல்லிப் போன தாய், திரும்பி வராமலே போவது உண்டு. வீட்டில் கேட்பதில் குற்றமில்லை. தம்மிடம் கேட்கிறார் என்றால் தமக்கும் இதுபற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தந்தையரும் கணவன்மாரும் உணர வேண்டும். பேருந்துக்குக் காசு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், கூட வர ஒரு துணை என்று அவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை: மருமகள் கட்டி இருப்பதாகச் சொன்னால், அதை அக்கம்பக்கத்துக்குச் சொல்லுமுன் மருத்துவரிடம் சொல்ல அனுப்பி வையுங்கள்.

நம் மாவட்டத்துப் பெண்களால் இயலாதது என்று நாம் எண்ணவில்லை. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் எழுத்தறிந்ததோடு நிற்காமல் சைக்கிளும் கற்றார்கள். ஊரார் கேலி பேசியும் ஆயிரமாயிரம் பேர் ஏறி மிதித்தார்கள். அவர்களில் பலர் இன்று மேற்சொன்ன சோதனைக்கு உரிய வயதில், பாட்டிமாராக இருக்கிறார்கள். அன்று கற்ற எழுத்தைக் கொண்டு, இன்று மருத்துவமனையில் கைநாட்டு வைக்கச் சொல்லும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களால் கேட்க முடியும்.

சுகாதார நிலையத்துக்குப் போகும் தாய்மார்கள் செவிலியரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. என் வயதுக்கு இந்தச் சோதனையால் என்ன பயன்? எப்படிச் செய்வீர்கள், பெண்ணே செய்வாரா, மறைவான இடம் இருக்கிறதா? ஐயம் என்று வந்தால் அடுத்து எங்கே போக வேண்டும், எத்தனை முறை? இப்போது வேண்டாம் என்று சொன்னால் பிறகு வரலாமா? நல்ல செவிலியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கூட்டம் குறைந்ததும் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்பார். துணைக்குப் படித்த மகளை அழைத்துச் செல்லலாம்.

மேற்சோதனைக்கு எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதனையும், பழைய ஸ்கேன் தாள்கள் இருந்தால் அவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்வது நல்லது. ஊசிச் சோதனை முடிந்ததும், முடிவு எந்த நாளில், எந்த அறையில் கிடைக்கும் என்று கேட்டுச் சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கும் பொறுப்பை மகளிடம் விடலாம்.